பின்வாசல் இல்லாத பங்களா

விருதுநகர்
10.06.2024

செல்வி பா. சுகிர்தா அவர்களுக்கு,

1. நான் அ. அப்துல் ஹக்கீம். வயது எழுபத்தொன்று. விருதுநகரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்து, 2018 முதல் ஓய்வில் இருப்பவன்.

2. தாங்கள் காலஞ்சென்ற தங்கத்தாயின் மகள் என்பதையும், திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தும் பணியில் இருப்பதையும், தங்களுடைய 03.06.2024 தேதியிட்ட பதிவுத் தபாலின் வழியாக அறிந்தேன். தங்கள் தாயாரின் மறைவுக்கு, மிகத் தாமதமாக, என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்திற்குத் தெற்கே, கரிசல் காட்டின் நடுவில் உள்ள கோட்டை பங்களாவின் வரலாறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைக் கட்டியவர் தொழிலதிபர் சங்கரபாண்டியன். கட்டி முடித்த ஆண்டு 1958. அவர் 1984இல் இறந்தார். 1991இல் அவருடைய இரு மகன்களுக்கு இடையே பாகப்பிரிவினை வழக்கு எழுந்தது. வழக்கு முடியும்வரை இரு தரப்பாரும் கட்டடத்தைப் பயன்படுத்தக் கூடாது, பூட்டியே வைத்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் உத்தரவு. சாவி, மூத்தவர் தரப்பில் நியமிக்கப்பட்ட காவலாளி இருளாண்டியிடம் இருந்தது. மூத்தவரின் மகன் ராம்குமாருக்கு 2003 முதல் நான் வழக்கறிஞராக இருந்தேன்.

4. 17.08.2011 அன்று அக்கட்டடத்தினுள் ஏற்பட்ட தீவிபத்தில் தங்கள் தாயாரும் வேறு இரு பெண்களும் இறந்தனர். மூவரும் பூட்டை உடைத்து அத்துமீறி நுழைந்து, அனுமதியின்றிப் பட்டாசு செய்ததாகக் காவல்துறை தன் அறிக்கையில் எழுதியது. தங்கள் தாயார் முதல் எதிரியாக, அதாவது முதல் குற்றம்சாட்டப்பட்டவராகக் காட்டப்பட்டார். எதிரிகள் அனைவரும் இறந்துவிட்டதால் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. அந்த அறிக்கையைத் தயாரித்ததில் எனக்குப் பங்கில்லை.

5. இதற்கு மேல் தாங்கள் கேட்டிருப்பவை என் கட்சிக்காரர் என்னை நம்பிச் சொன்னவற்றைத் தொடுகின்றன. அவற்றை வெளியிடும் உரிமை எனக்கில்லை.

6. எனக்குத் தெரிந்தவரை, சம்பவ நாளில் அக்கட்டடம் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஆட்கள் எவரும் பணியமர்த்தப்பட்டிருக்கவில்லை.

இப்படிக்கு,
அ. அப்துல் ஹக்கீம்


திருத்தங்கல்
22.06.2024

வக்கீல் அய்யாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஆறு பத்திகள் இருக்கின்றன. ஐந்தை எங்கப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆறாவதை வாசிக்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பூட்டை உடைத்தது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. இத்தனை வருடமாக யாருமே கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உடைத்தது என் அப்பா பாண்டிச்செல்வம்.

அன்றைக்கு அவர் பங்களாவுக்கு மேற்கே இருந்த பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். புகையைப் பார்த்து ஓடினார். வாசலில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. உள்ளே கதவைத் தட்டுகிற சத்தம். வேலியோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து மூன்று அடி அடித்திருக்கிறார். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. அதற்குள் சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் ஸ்டேஷனில் இதைத்தான் சொன்னார். அங்கே இருந்த அதிகாரி, “கோர்ட்டு பூட்டை நான்தான் ஒடைச்சேன்னு எழுதிக் குடு, ஒன்னையும் கேஸ்ல சேர்த்துருதோம். அப்பறம் அந்தப் பொட்டப்புள்ளைய ஆரு பாக்குறது?” என்று கேட்டாராம். அந்தப் பொட்டப்பிள்ளை நான். பதினொரு வயது. அப்பா எழுதிக் கொடுக்காமல் வந்துவிட்டார். உடைந்த பூட்டு அம்மா உடைத்த பூட்டாகிவிட்டது.

எங்கள் வீட்டில் இன்றுவரை பூட்டு கிடையாது. வெளியூர் போனால் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போவோம். தெருவில் கேலி செய்வார்கள். “பாண்டி, ஒன் வீட்டுல திருட என்னய்யா இருக்கு, கயிறுதான இருக்கு” என்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். ஒரே ஒரு தடவை மட்டும் என்னிடம் சொன்னார்: “நான் அதை ஒடைக்காம இருந்திருந்தா அவளுக்கு இந்தப் பேரு வந்திருக்காது தாயி.”

அம்மா அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் காகிதக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் கையில் பசைதான் ஒட்டும். கடைசி இரண்டு மாதம் வீட்டுக்கு வரும்போது அவள் காதுமடல், புருவம், நகக்கண் எல்லாம் வெள்ளியாக மின்னும். நான் அதைத் தொட்டு என் நகத்தில் பூசிக்கொள்வேன். “எங்க வேலை பாக்குறேம்மா?” என்று கேட்டால், “கோட்டைக்குள்ள ராணி வேலைடீ” என்பாள். பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாய் நுழைகிறவள் தினமும் காலை எட்டு மணிக்குத் தூக்குவாளியோடு போவாளா, அய்யா?

இப்போது பாகவழக்கு முடிந்து, ராம்குமார் பங்களாவை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டுக் குடோன் கட்டப் போகிறார்கள். மதுரையில் நசிமா என்று ஒரு வக்கீலம்மா எனக்காக மனுப் போடத் தயாராக இருக்கிறார்கள். எதிரிப் பட்டியலிலிருந்து அம்மா பேரை எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனு. வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால், “உள்ள ஆள் வச்சு வேலை வாங்குனது தெரிஞ்ச யாராவது ஒருத்தர் எழுதிக் குடுக்கணும்மா, இல்லன்னா நிக்காது” என்கிறார்கள்.

பழைய வழக்குக் காகிதங்களின் நகல் வாங்கியிருக்கிறேன். அதில் காவலாளி இருளாண்டியின் பிரமாண வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. ‘கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே ஆளில்லை’ என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறார். தயாரித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். இடம் விருதுநகர். எழுத்துக்கு எழுத்து பார்ப்பது என் பிழைப்பு, அதனால் தேதியையும் பார்த்தேன். 17.08.2011.

அன்றைக்குச் சாவி எங்கே இருந்தது, அய்யா?

பா. சுகிர்தா


விருதுநகர்
09.07.2024

அன்புள்ள சுகிர்தா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்து இரண்டு வாரங்களாகின்றன. என் மனைவி ரோஷன் பேகம் அதை வாசித்துவிட்டார். நான் கொடுக்கவில்லை. மேசைமேல் இருந்தது, வாசித்தார். தினமும் காலையில் தேநீர் வைக்கும்போது, “பதில் எழுதிட்டீகளா?” என்று கேட்கிறார். “யோசிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றேன் நேற்று. “பதிமூணு வருசமாவா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தாங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு இக்கடிதத்தில் பதிலில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தங்களுடைய முதல் கடிதத்தில் கேட்டிருந்த பங்களாவின் வரலாற்றை நான் ஆண்டுகளும் உத்தரவுகளுமாகச் சுருக்கிவிட்டேன். அது நியாயமன்று. எனக்குத் தெரிந்ததை முழுமையாகச் சொல்கிறேன்.

சங்கரபாண்டியனுக்கு முதலில் செல்வம் சேர்த்துக் கொடுத்தது ஒரு தீப்பெட்டி. அதன் லேபிளில் இரண்டு வட்டக் கோபுரங்கள் கொண்ட ஒரு வெள்ளைக்காரக் கோட்டையின் படம் இருந்தது. எங்கோ ஓர் அயல்நாட்டுப் படத்தைப் பார்த்துச் சிவகாசி அச்சகத்தில் ஓர் ஓவியர் அச்சுக்கல்லில் வரைந்த படம். அந்த லேபிள் ஒட்டிய பெட்டி வடக்கே எல்லா ஊர்களிலும் விற்றது. தம்மை வாழவைத்தது அந்தக் கோட்டைதான் என்று அவர் நம்பினார். காட்டை வாங்கியதும், ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, தீப்பெட்டியிலிருந்து லேபிளை உரித்துக் கையில் கொடுத்து, இதைக் கட்டு என்றார். கொத்தனார் அடிக்கோலை வைத்து அந்தச் சின்னப் படத்தை அளந்து, கால் அங்குலத்துக்கு இத்தனை அடி என்று கணக்கிட்டுத் தளத்தில் கரிக்கோடு போட்டார்.

லேபிளில் கோட்டையின் முன்பக்கம் மட்டுமே இருந்தது. “பின்பக்கம் எப்படி மொதலாளி?” என்று கொத்தனார் கேட்டதற்கு, “படத்துல உள்ளதைக் கட்டும். இல்லாததை எதுக்குக் கட்டுதீரு?” என்றாராம். லேபிளில் இல்லாத ஒன்றைச் சேர்த்தால் வந்த யோகம் போய்விடும் என்பது அவர் எண்ணம். ஆகவே முன்னால் கோபுரம், கொத்தளம், வளைவு, ஈட்டிமுனைக் கம்பிகள் போட்ட சன்னல்கள் எல்லாம் உண்டு. பின்னால் இருபத்திரண்டு அடி உயரத்துக்கு வெறுஞ்சுவர். கதவில்லை, சன்னலில்லை.

அவருடைய மனைவி அதில் நாற்பது நாள் குடியிருந்தார். “சமையக்கட்டுப் புகை வெளிய போக ஒரு வழியில்லை. இதுக்குள்ள மனுசி இருப்பாளா?” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுடன் சிவகாசி வீட்டுக்கே திரும்பிவிட்டார். அதன் பிறகு அந்தப் பங்களாவில் எந்தக் குடும்பமும் வாழ்ந்ததில்லை. வடக்கிலிருந்து வரும் வியாபாரிகளை வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். கோபுரத்தில் புறா அடைந்தது. சுற்றிலும் சீமைக் கருவேலம் வளர்ந்தது.

2005ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணையர் பார்வையிட வந்தபோது நானும் உடன் சென்றேன். ‘கட்டடத்திற்கு ஒரே வாசல், பின்பக்கம் வழியில்லை’ என்று அவர் எழுதியபோது அருகில் நின்றேன். திரும்பி வரும் வழியில், இந்த வரி நமக்குச் சாதகமானது என்று ராம்குமாரிடம் சொன்னேன். ஒரே வாசல், ஒரே பூட்டு, ஆகவே நம்மை அறியாமல் எவரும் உள்ளே செல்ல முடியாது என்று விளக்கினேன்.

எவரும் வெளியே வரவும் முடியாது என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. இதைத் தங்களுக்கு எழுதும்போதுதான் அந்த வாக்கியத்தை முதன்முறையாக முழுமையாக வாசிக்கிறேன்.

சாவியைப் பற்றி எழுதும் நிலையில் நான் இப்போது இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அ. அப்துல் ஹக்கீம்


திருத்தங்கல்
28.07.2024

வக்கீல் அய்யாவுக்கு,

நீங்கள் எழுத முடியாததை இருளாண்டி சொல்லிவிட்டார். காரியாபட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கோபத்தோடுதான் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒனக்கு ஒங்கம்மா மூக்கு” என்றார். நான் எதிரே உட்கார்ந்தேன். பிறகு அவரே ஆரம்பித்தார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“சீசன் ஆர்டரு நெறைய இருந்துச்சு தாயி. கம்பெனியில எடமில்லைன்னு கலர் மருந்து உருட்டுறதுக்கு மூணு பேரைப் பங்களாவுல உக்கார வச்சாரு ராம்குமார் மொதலாளி. வாசல்ல எப்பவும் பூட்டு தொங்கணும்னாரு. அவுக சித்தப்பா ஆளுக பாத்துட்டுக் கோர்ட்டுல சொல்லிருவாகள்ல. அதுனால காலையில ஆளுகளை உள்ள விட்டுப் பூட்டுவேன். சத்தங் குடுத்தாத் தொறப்பேன். வாசல்லயேதான் கெடப்பேன், ஒண்ணுக்குக்கூடத் தூரப் போக மாட்டேன்.

“அன்னைக்கு வக்கீலய்யா ஆபீசுல கேசுக்கு ஒரு கைநாட்டு வைக்கணும், போய்ட்டு வாலேன்னாரு மொதலாளி. ஆளுக உள்ள இருக்காகளேன்னேன். ‘பூட்டிட்டுப் போ, மத்தியானச் சோத்துக்குள்ள வந்துரலாம்’னாரு. காலையில மருந்து மூட்டைய எறக்கி உள்ள வச்சுக் குடுத்துட்டுப் பூட்டுனேன். ஒங்கம்மா உள்ள இருந்துக்கிட்டு, ‘யண்ணே, வரும்போது வெத்தலை வாங்கியாங்க, உள்ள கெடந்து வாயி நமநமங்குது’ன்னா. ‘ராணிக்கு வெத்தலைப் பெட்டியே கொண்டாறேன்’னேன். சிரிச்சாளுக மூணு பேரும்.

“ஆபீசுல வெரலை வச்சேன். காயிதத்துல என்ன இருக்குன்னு ஆரும் வாசிக்கலை. வக்கீலய்யா காயிதத்தைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பாத்தாக. அப்பறம் என் கையப் பாத்தாக. ‘போய்ட்டு வாங்க இருளாண்டி’ன்னாக. அம்புட்டுத்தான். சாவி இங்கன, என் அரைஞாண் கயித்துல இருந்துச்சு.”

வெற்றிலை வாங்கினீர்களா என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“வாங்குனேன் தாயி. பஸ்ஸுலயே வாடிப் போச்சு.”

அவரை நான் திட்டவில்லை. திட்டலாம் என்றுதான் போனேன். வரும்போது அவர் மகள் ஒரு பை நிறைய வெங்காயம் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு வந்தேன்.

“என் பேச்சை எந்தக் கோர்ட்டு நம்பும், ஒருக்கா ஆளில்லைன்னு வெரல் வச்சவன்தான நான்” என்கிறார். வக்கீலம்மாவும் அதையேதான் சொல்கிறார்கள். அவரே முன்னால் சொன்னதற்கு எதிராக அவரே சொன்னால் செல்லாது என்கிறார்கள்.

நேற்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். இடிக்கிற வண்டி வந்து நிற்கிறது. ஒரு கோபுரம் போய்விட்டது. பின்சுவர் இன்னும் இருக்கிறது. உட்பக்கம் ஆள் உயரத்துக்குக் கரி பிடித்திருக்கிறது. நசிமா அக்கா சொன்னபடி படம் எடுத்தேன். அப்பா சுவரைத் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். “இங்கன ஒரு சன்னல் இருந்திருந்தாக்கூட” என்று ஆரம்பித்தார்.

உங்களிடம் இனி ஒரே கேள்விதான். காகிதத்தைத் தூக்கிப் பிடித்து என்ன பார்த்தீர்கள்?

பா. சுகிர்தா


விருதுநகர்
05.08.2024

சுகிர்தா,

இத்துடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று என் வாக்குமூலம். மற்றொன்று என் இரும்புப் பெட்டியில் பதிமூன்று ஆண்டுகளாக இருந்த, இருளாண்டியின் பழைய வாக்குமூலத்தின் அலுவலகப் பிரதி. அன்று மூலத்திலும் பிரதியிலும் ஒரே நேரத்தில் கைநாட்டு வாங்கினோம். பிரதியைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம். வெயிலில் சாய்த்துப் பாருங்கள். என்ன பார்த்தேன் என்பது தெரியும்.

வாக்குமூலத்தின் ஒரு பிரதியை வழக்கறிஞர் நசிமாவுக்கும், ஒன்றை நீதிமன்றத்திற்கும் இன்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இதன் விளைவுகள் எனக்குத் தெரியும். அவற்றைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

“பின்னால வருத்தப்படுவீகளா?” என்று ரோஷன் பேகம் கேட்டார். முன்னால் பட்டதே போதும் என்றேன். பேனாவை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

வாக்குமூலம்

1. நான் அ. அப்துல் ஹக்கீம். 17.08.2011 அன்று, ‘கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே ஆளில்லை’ என்று இருளாண்டியின் பெயரில் பிரமாண வாக்குமூலம் தயாரித்தவன். அதே வாக்கியத்தை 10.06.2024 அன்று மறைந்தவரின் மகளுக்கும் எழுதியவன். அவ்வாக்கியம் பொய்.

2. கட்சிக்காரர் என்னிடம் சொன்னதை வெளியிடாதிருக்கும் கடமை எனக்கு உண்டு. நான் என் கண்ணால் கண்டதை மறைக்கும் கடமை எனக்கு என்றுமே இருந்ததில்லை. இந்த வேறுபாட்டை என்னிடம் பயின்ற இளையவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன். எனக்கு வேண்டியபோது மறந்திருக்கிறேன். கீழே உள்ளது நான் கண்டது மட்டுமே.

3. அன்று காலை சுமார் பதினொன்றே கால் மணிக்கு இருளாண்டி என் அலுவலகத்தில் இடது பெருவிரல் ரேகை வைத்தார். ரேகையின் நீல மையில் வெள்ளி மினுங்கியது. தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அலுமினியப் பவுடர். பட்டாசுக்குக் கலர் மருந்து கலக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் அது கையில் ஒட்டாது. பூட்டிய பங்களாவுக்குக் காவல் இருப்பவரின் கைக்கு அது வர வழியில்லை. அவர் நகங்களிலும் அது இருந்தது. அரைஞாண் கயிற்றில் சாவி இருந்தது. உள்ளே வேலை நடக்கிறது என்பதை அந்த நொடியில் அறிந்தேன். சாவி இங்கே இருந்தால் உள்ளிருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

4. அவ்வாக்குமூலத்தின் அடியில் ‘வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு’ என்று உள்ளது. அது வாசித்துக் காட்டப்படவில்லை. ரேகையைப் பார்த்த பிறகு, வாசிக்க வேண்டாம் என்று என் குமாஸ்தாவிடம் சொன்னவன் நான். வாசித்தால் ‘ஆள் இருக்காகளே’ என்று அவர் சொல்லிவிடுவார் என்று அஞ்சினேன். சொல்லியிருந்தால் அந்தத் தாளை நான் பயன்படுத்தியிருக்க முடியாது.

5. பதினொன்றே முக்கால் அளவில் தீப்பிடித்ததாகப் பின்னர் அறிந்தேன். மாலைக்குள் மூவர் இறந்த செய்தி எனக்குத் தெரியும். மறுநாள் காலை அதே தாளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். வாங்கிக்கொண்ட ஊழியர் தம் விரலில் ஒட்டிய மினுக்கத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அதையும் பார்த்தேன். அந்தத் தாளை ஆதாரமாக வைத்துத்தான், உள்ளே இருந்தவர்கள் பூட்டை உடைத்து நுழைந்தவர்கள் என்று எழுதப்பட்டது.

6. பூட்டு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. சாவி விருதுநகரில் இருந்தது. உள்ளிருந்தவர்கள் அதை உடைத்திருக்க இயலாது. உடைத்தவர் பாண்டிச்செல்வம், தம் மனைவியைக் காப்பாற்ற.

7. இவ்வாக்குமூலத்தை இருளாண்டிக்கு நானே முழுமையாக வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் பத்தியில் என்னை நிறுத்தச் சொன்னார். “மூவர் மூவர்னு வாசிக்கீகளே, பேரைப் போடுங்கய்யா” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: தங்கத்தாய், ராமுத்தாய், மாரிக்கனி. இம்மூவரும் கூலிக்கு வேலை செய்ய உள்ளே அழைத்துச் செல்லப்பட்டு, வெளியே பூட்டப்பட்டவர்கள். இவர்கள் எவருக்கும் எதிரிகள் அல்லர்.

மேற்கண்டவை அனைத்தும் நான் நேரில் அறிந்த அளவில் உண்மை.

(ஒப்பம்)
அ. அப்துல் ஹக்கீம்
விருதுநகர், 05.08.2024

சாட்சிகள்:

1. (ஒப்பம்) ரோஷன் பேகம்,
கணவர் பெயர் அப்துல் ஹக்கீம், விருதுநகர்.

2. இருளாண்டி, காரியாபட்டி.
இடது பெருவிரல் ரேகை. வாசித்துக் காட்டப்பட்டது.